மௌனமும் சாட்சியமும்: 'ஓல் த பிரெசிடென்ற்ஸ் மென்' பற்றிய ஒரு மறுநோக்கு

அரசியலைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களிற் பெரும்பாலானவை தம் காலம் கழிந்ததும் ஆவணக் காப்பகத்துக்கு உரியனவாகிவிடுகின்றன. அவை வெளிவந்த வேளையில் எழுப்பிய பதற்றம், அதற்குக் காரணமாயிருந்த மனிதர் அரங்கைவிட்டு நீங்கியதும் தானும் நீங்கிவிடுகிறது. அலன் ஜே. பக்குலாவின் நெறியாள்கையில் 1976 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஓல் த பிரெசிடென்ற்ஸ் மென்' இதற்கு விலக்காக நிற்பது. றிச்சட் நிக்சன் பதவி துறந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவருடைய உதவியாளர்களின் பெயர்கள் வரலாற்று மாணவருக்கே மறந்துபோகத் தொடங்கிவிட்டன. ஆயினும் படம் இன்றும் விரும்பிப் பார்க்கப்படுகிறது. இதழியல் பயில்வோருக்குப் பாடமாகவும் காட்டப்படுகிறது. திரையரங்கிலிருந்து ஒளிநாடாவாகவும் பின்னர் இறுவட்டாகவும் வீட்டுக்குள் வந்துசேர்ந்த பின்னரே அதன் உண்மையான இயல்பு தெளிவாகப் புலப்படத் தொடங்கியது என்பதும், அவ்வியல்பு அதற்கு வழமையாகச் சூட்டப்படும் புகழுரைகளோடு பொருந்தி வருவதன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

படத்தின் பொருள் யாவரும் அறிந்ததே. 1972 யூன் 17 ஆந் திகதி அதிகாலையில், வொஷிங்ரன் நகரின் வோட்டர்கேற் கட்டிடத் தொகுதியில் அமைந்திருந்த ஜனநாயகக் கட்சித் தேசியக் குழுவின் அலுவலகத்தில் ஐவர் கைது செய்யப்பட்டனர். அவர்களிடம் ஒட்டுக்கேட்கும் கருவிகள் காணப்பட்டன. 'வொஷிங்ரன் போஸ்ற்' பத்திரிகையின் இளம் நிருபர்களான பொப் வூட்வேட், கார்ல் பேர்ண்ஸ்ரைன் ஆகிய இருவரும் இக்களவு முயற்சியின் பின்னணியைத் துருவி ஆராய்ந்து எழுதினர். தமது அனுபவங்களை 1974 இல் நூலாக்கினர். அந்நூலின் முற்பகுதியையே வில்லியம் கோல்ட்மன் திரைக்கதையாக வடித்தார். றொபேட் றெட்போட் வூட்வேட்டாகவும், டஸ்ரின் ஹொவ்மன் பேர்ண்ஸ்ரைனாகவும், ஜேசன் றொபாட்ஸ் பத்திரிகாசிரியர் பென் பிராட்லியாகவும் நடித்தனர். நான்கு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று றொபாட்ஸுக்கு, மற்றொன்று திரைக்கதைக்கு. ஆண்டின் சிறந்த படத்துக்கான விருதை ஒரு குத்துச்சண்டை வீரனின் கதை தட்டிச் சென்றது என்பது விருதுகளைப் பற்றிய செய்தியேயன்றி இப்படத்தைப் பற்றிய செய்தியன்று.

இரு இளைஞர் தட்டச்சுப் பொறியைத் துணைக்கொண்டு உலகின் மிகப் பலம் வாய்ந்த ஆட்சியாளரைக் கவிழ்த்தனர் என்பதே இப்படம் பற்றிய பொதுவான வாசிப்பு. வரலாற்று நோக்கில் இது குறைபாடுடையது. நிக்சனின் வீழ்ச்சிக்கு நீதிபதி ஜோன் சிரிக்காவின் விடாப்பிடி, செனற்றர் சாம் ஏர்வின் தலைமையிலான விசாரணைக் குழு, விசேட வழக்குத்தொடுநர்கள், சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் ஆய்வு என்பன யாவும் காரணமாயின. வெள்ளை மாளிகையில் உரையாடல்கள் யாவும் ஒலிப்பதிவு செய்யப்பட்டு வந்தன என்பதை அலெக்சாண்டர் பட்டர்பீல்ட் 1973 யூலையில் வெளியிட்டார். அந்நாடாக்களைக் கையளிக்குமாறு 1974 யூலை 24 ஆந் திகதி உயர் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பதினாறு நாட்களின் பின் நிக்சன் பதவியில் இல்லை. வோட்டர்கேற் ஊழலை வெளிக்கொணர்ந்தது பத்திரிகைதானா என்ற வினாவை எட்வேட் ஜே எப்ஸ்ரைன் 1974 இலேயே எழுப்பிவிட்டார். இவ்வினா நியாயமானது. ஆனால் அதனை நூலின் மீதோ நூலைச் சூழ்ந்தெழுந்த புகழின் மீதோ தொடுக்கலாமேயன்றிப் படத்தின் மீது அப்படியே தொடுக்கவியலாது. ஏனெனில் படம் சொல்வது வெற்றியின் கதையை அன்று.

படத்தின் முடிவை நோக்குக. நிக்சனின் பிரதான உதவியாளர் எச். ஆர். ஹால்ட்மன், தேர்தற் குழுவின் இரகசிய நிதியைக் கட்டுப்படுத்திய ஐவருள் ஒருவர் என நிருபர் இருவரும் எழுதுகின்றனர். நிதிப் பொருளாளராயிருந்து விலகிய ஹியூ ஸ்லோன் இதனைப் பெரும் யூரர் சபை முன் சாட்சியமாகக் கூறியுள்ளார் என்பதும் அச்செய்தியிற் சேர்க்கப்படுகிறது. மறுநாள் ஸ்லோனின் சட்டத்தரணி தொலைக்காட்சிக் கமெராக்களின் முன் இதனை மறுக்கிறார். ஹால்ட்மன் பற்றிய உண்மை உண்மையே. ஆனால் ஸ்லோனிடம் அவ்வினா அச்சபையில் எவராலும் கேட்கப்படவில்லை, ஆதலின் அவர் அதனைக் கூறவுமில்லை. பத்திரிகை தலைகுனிகிறது. பிராட்லி தம் நிருபர்களின் பக்கம் நிற்பதாக அறிவிக்கிறார். இதன்பின் ஓர் எச்சரிக்கையும் நள்ளிரவு உரையாடலொன்றும் வருகின்றன. இறுதிக் காட்சியில், 1973 ஜனவரி 20 ஆந் திகதி, நிக்சன் இரண்டாந் தடவையாகப் பதவிப் பிரமாணம் செய்வது முன்னணியிலுள்ள தொலைக்காட்சியில் தெரிகிறது. பின்னணியில், எவரும் கவனியாத இரு சிறு உருவங்கள் தட்டச்சுச் செய்துகொண்டிருக்கின்றன. மரியாதை வேட்டுக்களின் ஓசையும் எழுத்துக்கள் தாளில் மோதும் ஓசையும் ஒன்றையொன்று மேவுகின்றன. அதன் பின்னர் நடந்தவை யாவும் தொலையச்சுப் பொறியின் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. பிழையோடும் தோல்வியோடும் படம் நிற்க, வெற்றி ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்கப்படுகிறது.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பதிலேயே படத்தின் கருவும் அடங்கியுள்ளது. செய்தியை அச்சேற்றுமுன் குறைந்தது இரு மூலங்களேனும் அதனை உறுதிசெய்ய வேண்டும் என்பது அவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட நியதி. ஆனால் அச்சத்தில் வாழும் சாட்சிகள் எதனையும் உறுதிசெய்ய விரும்புவதில்லை. எனவே நிருபர்கள் வேறொரு வழியைக் கைக்கொள்கின்றனர். பேசாமையையே சாட்சியமாக்கிக்கொள்கின்றனர். மறுக்கப்படாத கூற்று ஒப்புக்கொள்ளப்பட்ட கூற்றாகிறது. ஸ்லோன் நேரடியாக ஆம் என்பதில்லை. எழுதினால் தமக்கு ஆட்சேபம் இல்லை என்ற பொருள்பட நழுவுகிறார். நீதித் திணைக்களச் சட்டத்தரணி ஒருவரிடம் பேர்ண்ஸ்ரைன் தொலைபேசியில் ஓர் ஏற்பாடு செய்கிறார்: தாம் பத்து வரை எண்ணுவதாகவும், செய்தி பிழையாயின் அதற்குமுன் தொலைபேசியை வைத்துவிடுமாறும், சரியாயின் வைக்காதிருக்குமாறும் கேட்கிறார். எண்ணி முடிகிறது. மறுமுனையில் மௌனம். பேர்ண்ஸ்ரைன் துள்ளுகிறார். மறுமுனையிலிருந்தவரோ ஏற்பாட்டை வேறுவிதமாக விளங்கிக்கொண்டிருந்தார் என்பது பின்னரே தெரியவருகிறது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம்மவர் கல்யாணப் பேச்சுக் காலத்திலிருந்து பழகிவந்த முதுமொழி. அம்முதுமொழி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இக்காட்சியிலும் நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்தவரை வேறொரு திரைப்படத்தில் இல்லை. அதுவரை அவர்களுக்கு வெற்றி தேடித் தந்த முறையும் இதுவே என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். ஒரே முறைதான் உண்மைக்கும் பிழைக்கும் இட்டுச் செல்கிறது. முறையில் வேறுபாடில்லை, மறுமுனையிலுள்ள மனிதர் என்ன எண்ணிக்கொண்டிருந்தார் என்பதிலேயே வேறுபாடு. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை இதற்கு நேர்மாறானது. அங்கே சாட்சியம் ஒரு பொருள். சிலம்பு உடைக்கப்படுகிறது, பரல் தெறிக்கிறது, அவையிலுள்ளோர் அனைவரும் காண்கின்றனர், அரசன் அக்கணமே வீழ்கிறான். பக்குலாவின் படத்தில் உடைத்துக் காட்டுவதற்கு எதுவுமில்லை. அரசனும் வீழ்வதில்லை, 1972 நவம்பரில் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை வென்று மீண்டும் பதவிக்கு வருகிறான்.

இக்கருவுக்கு ஏற்ற உருவத்தைப் பக்குலாவும் ஒளிப்பதிவாளர் கோடன் வில்லிஸும் கண்டெடுத்தனர். பத்திரிகை அலுவலகம் பேர்பாங்க் கலையகத்தில் மீளமைக்கப்பட்டது. உண்மையான அலுவலகத்தின் கழிவுக் காகிதங்கள்கூடப் பெட்டிகளிற் கொண்டுவரப்பட்டன. அங்கே குழல்விளக்குகளின் ஒளி எல்லா மேசைகளிலும் ஒரே சீராக விழுகிறது, நிழலென்பதே இல்லை. அண்மையிலிருக்கும் முகமும் தொலைவிலுள்ள தொலைக்காட்சியும் ஒருங்கே துலக்கமாகத் தெரியுமாறு சில காட்சிகள் பிளவு வில்லையால் எடுக்கப்பட்டுள்ளன. இதற்கு மாறாக, 'டீப் துரோட்' எனப் பெயரிடப்பட்ட இரகசியத் தகவலாளரை வூட்வேட் சந்திக்கும் நிலத்தடி வாகனத் தரிப்பிடம் ஏறக்குறைய முழு இருள். நடிகர் ஹால் ஹொல்புறூக்கின் முகத்தில் ஒரு கீற்று மட்டுமே ஒளி பெறுகிறது. ஒளி உண்மையின் குறியீடு, இருள் பொய்யின் குறியீடு என்று எளிதாகக் கூறிவிடலாம். பலர் அவ்வாறே கூறியுமுள்ளனர். ஆனால் பயனுள்ள உண்மைகள் இருளிலிருந்தே வருகின்றன என்பதையும், பிழையான செய்தி ஒளிமிகுந்த அறையிலேயே எழுதப்படுகிறது என்பதையும் இக்கூற்று மறந்துவிடுகிறது.

நீண்ட தொலைபேசிக் காட்சியொன்றைச் சிறிது விரிவாக நோக்கலாம். கைதானவருள் ஒருவரின் மியாமி வங்கிக் கணக்கில் 25,000 டொலர் காசோலை ஒன்று இடப்பட்டிருந்தது. அதில் கெனத் டால்பேர்க் என்பவரின் பெயர் இருக்கிறது. வூட்வேட் அவரை அழைத்துப் பேசுகிறார், இடையில் நிக்சனின் தேர்தற் குழுத் தலைவரையும் அழைக்கிறார், மீண்டும் டால்பேர்க். ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் வெட்டே இல்லாமல், கமெரா நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அவர் முகத்தை நோக்கி நெருங்குகிறது. பின்னணியில் சக பத்திரிகையாளர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைச் சூழ்ந்து நிற்கின்றனர். அன்றைய 'பெரிய செய்தி' அங்கேதான் என்பது அவர்கள் எண்ணம். காட்சியின் பிற்பகுதியில் றெட்போட் தாம் பேசிக்கொண்டிருப்பவரைப் பிழையான பெயரால் அழைத்துவிட்டுத் திருத்திக்கொள்கிறார். அந்த நாத்தவறு நீக்கப்படவில்லை. நடிகரின் தவறு பாத்திரத்தின் படபடப்பாகிவிட்டது.

இத்தகைய நுண்மைகளை ஒரு தடவை மாத்திரம் பார்க்கும் திரையரங்குப் பார்வையாளர் எவ்வளவு தூரம் கவனித்திருப்பர்? 138 நிமிடங்களில் பெயர்கள் வெள்ளம்போல வருகின்றன. யார் யாருக்குக் காசோலை கொடுத்தார், 'பி' என்ற முதலெழுத்துக்கு உரியவர் யார் என்பன தெளியுமுன் அடுத்த பெயர் வந்துவிடுகிறது. வீட்டு ஒளிநாடா இந்நிலையை மாற்றியது. நிறுத்தவும், பின்னோக்கிச் செல்லவும், முன்னர் கேட்டதோடு ஒப்பிடவும் பார்வையாளருக்கு முதன்முதலாக இயன்றது. அதாவது, படத்தின் நிருபர்கள் தம் குறிப்பேடுகளைக் கொண்டு செய்வதையே பார்வையாளரும் செய்யலானார். பத்து வரை எண்ணும் காட்சியைப் பின்னோக்கி ஓட்டி, பேர்ண்ஸ்ரைன் உண்மையில் என்ன சொல்கிறார் என்று மீண்டும் கேட்டவர்களுக்கு, மறுமுனையிலிருந்தவரின் குழப்பம் வியப்பளிக்காது. ஓர் ஒலிநாடா மீண்டும் ஓட்டப்பட்டதால் பதவியிழந்த மனிதரைப் பற்றிய படம் இது. எனினும் படத்தின் உரையாடல்களில் அந்நாடாக்கள் பற்றிப் பேச்சில்லை. கதை 1973 ஜனவரியோடு நின்றுவிட, நாடாக்கள் யூலையிலேயே வெளித்தெரிந்தன.

நாடாவால் இழப்பும் உண்டு. வில்லிஸின் இருள் பல படிநிலைகளைக் கொண்டது. பழைய காந்த ஒளிநாடா அவற்றைத் தாங்கும் ஆற்றலற்றது; கருமை அதிற் சாம்பற் கலங்கலாகிவிடும். வாகனத் தரிப்பிடக் காட்சிகளைச் சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில் ஒளிநாடாவாகப் பார்த்தவர்கள் குரலை மட்டுமே கேட்டிருப்பர். 2006 இல் வெளிவந்த இரட்டை இறுவட்டுப் பதிப்பும் 2011 இன் புளூ-ரே பதிப்பும் இக்குறையைப் பெரிதும் போக்கின. காங்கிரஸ் நூலகத்தின் வாசிகசாலையில், இரவற் சீட்டுக் குவியலை ஒவ்வொன்றாகப் புரட்டும் இருவரை விட்டுக் கமெரா கூரையின் உச்சிவரை எழும் காட்சியில், அவ்விருவரும் புள்ளிகளாகித் தேய்வதை இப்போதுதான் முழுமையாகக் காணமுடிகிறது. அந்த உழைப்பினாற் கிடைத்த பயன் ஒன்றுமில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. வீண்போன உழைப்புக்கு இத்துணை இடமளித்த வணிகத் திரைப்படம் அரிது.

2006 ஆம் ஆண்டுப் பதிப்பு வேறொரு சிக்கலையும் உடன்கொண்டு வந்தது. அதற்கு முந்திய ஆண்டின் மே மாதத்தில், 'டீப் துரோட்' தாமே எனச் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தின் முன்னாள் துணைத் தலைவர் மார்க் பெல்ற் வெளிப்படுத்தினார். அவரைப் பற்றிய தனி விவரணம் ஒன்றும், றெட்போட்டின் விளக்கவுரையும், படத் தயாரிப்பு வரலாறும் இறுவட்டில் இணைக்கப்பட்டன. இவற்றுட் பயனுள்ளவை பல உள. ஆயினும் ஒரு படைப்பைச் சூழ அடுக்கப்படும் இவ்வகைத் துணைப்பொருள்கள் அப்படைப்பை எவ்வாறு வாசிக்கவேண்டும் என்றும் நமக்குச் சொல்லிவிடுகின்றன. பிழையில் முடியும் படம், அவற்றின் நடுவே வைக்கப்பட்டதும், வீரர்களின் வரலாறாக மாறிவிடுகிறது. மாணவர்கள் படத்தை முதலிற் பார்த்துவிட்டு, சில நாட்கள் கழித்து இரண்டாவது வட்டினைத் திறப்பது நலம்.

பெல்றின் பெயர் தெரிந்தபின் வாகனத் தரிப்பிடக் காட்சிகளின் பொருளும் மாறுபடுகிறது. 29 ஆண்டுகளாக அந்த இருளில் நின்றவர் மனச்சாட்சியின் உருவகமாகவே கொள்ளப்பட்டார். பணம் சென்ற வழியைப் பின்தொடருமாறு அவர் கூறுவதாக அமைந்த, இன்று உலகெங்கும் எடுத்தாளப்படும் அறிவுரை நூலிலேயே இல்லை. அது திரைக்கதையின் ஆக்கம். வரலாற்றின் பெல்றோ சிக்கலான மனிதர். 1972 மே மாதத்தில் எட்கார் ஹூவர் இறந்தபோது தலைமைப் பதவியை எதிர்பார்த்து ஏமாந்தவர். தீவிரவாதக் குழுவொன்றுடன் தொடர்புடையோரின் வீடுகளிற் சட்டவிரோதமாக நுழைந்து தேடுவதற்கு அனுமதி வழங்கிய குற்றத்துக்காக 1980 இல் தண்டிக்கப்பட்டு, மறு ஆண்டு ஜனாதிபதி றீகனால் மன்னிக்கப்பட்டவர். களவாக உள்நுழைந்தோரைக் காட்டிக்கொடுத்தவரே களவாக உள்நுழைய ஆணையிட்டவர். இது அவர் தந்த தகவல்களைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் தகவலின் மெய்ம்மை வேறு, தகவலாளரின் நோக்கம் வேறு என்ற பிரக்ஞையோடு ஹொல்புறூக்கின் நடிப்பை மறுபடி பார்க்கும்போது, அந்த எரிச்சலும், தாமே எதனையும் நேரே சொல்லமாட்டேன் என்ற பிடிவாதமும், வூட்வேட்டை ஏளனம் செய்யும் தொனியும் மிகப் பொருத்தமாகவே தோன்றுகின்றன. நடிகர் அறியாததை நடிப்பு அறிந்திருந்தது எனலாம்.

சாட்சிகளை அணுகும் நெறி பற்றியும் படம் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது. தேர்தற் குழுவின் கணக்குப்பதிவாளரான பெண்ணாக ஜேன் அலெக்சாண்டர் வரும் காட்சி சிறியது. ஆனால் படத்தின் உச்சம் அதுவே. அவர் பேச விரும்பவில்லை. பேர்ண்ஸ்ரைன் கோப்பி கேட்டும் சிகரட் புகைத்தும் எழுந்து செல்லாமல் இருந்துகொள்கிறார். அச்சம் கண்களிற் தெரிய, அவர் முழுப்பெயர்களைக் கூறாது முதலெழுத்துக்களை மட்டும் விடுவிக்கிறார். பின்னர் இருவருமாகச் சென்று, அறியாததை அறிந்தவர்போலக் காட்டி மிகுதியையும் பெறுகின்றனர். அலுவலகத்திலேயே சக பெண் நிருபர் ஒருவர், தாம் முறித்துக்கொண்ட உறவைப் பயன்படுத்தித் தேர்தற் குழு ஊழியரின் பெயர்ப்பட்டியலைக் கொண்டுவருமாறு நெருக்கப்படுகிறார். கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு அகல்கிறார். நிருபர்களின் இலக்கு நியாயமானதென்று நாம் அறிவோம். அந்த இரு பெண்களின் முகங்களையும் கமெரா அதே அளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே பக்குலாவின் நேர்மை.

ஆயின் படத்தின் பார்வைக்கு எட்டாதவை சில உள. அவை தற்செயலான விடுபாடுகள் அல்ல. பத்திரிகையின் வெளியீட்டாளரான கதரின் கிறஹாம் படத்தில் ஒரு பாத்திரமாக இடம்பெறவில்லை. வழக்குகளையும் பழிவாங்கலையும் எதிர்நோக்கிய உரிமையாளர் அவரே. வோட்டர்கேற் செய்திகளை நாளாந்தம் நெறிப்படுத்திய நகரச் செய்தி ஆசிரியர் பரி சஸ்மன் அடியோடு நீக்கப்பட்டார். உடைமை, முதலீடு, ஆசிரியபீடத்தின் படிமுறை ஆகியன மறைய, இரு தனிமனிதரின் விடாமுயற்சியே எஞ்சுகிறது. இதனை அமெரிக்கத் தாராண்மைவாதத்தின் பழகிய கதையாடல் என்பதிற் தவறில்லை. அரசின் குற்றம் எது என்ற வினாவும் அவ்வாறே சுருங்கிவிடுகிறது. 1969 இல் தொடங்கிய கம்போடியா மீதான இரகசியக் குண்டுவீச்சு, நிக்சன் மீதான குற்றப் பிரேரணையிற் சேர்க்கப்படவேண்டும் என்ற யோசனையை 1974 யூலை 30 இல் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு 26க்கு 12 என்ற வாக்குகளால் நிராகரித்தது. ஓர் அலுவலகத்தில் ஒட்டுக்கேட்டது குற்றம்; ஒரு நாட்டின் மீது ஒளித்துக் குண்டு வீசியது விவாதத்துக்குரிய கொள்கை! திரைப்படமும் அக்குழு வரைந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. மெய்யைச் சரிபார்ப்பதில் இத்தனை நுணுக்கம் காட்டும் படைப்பு, எந்த மெய்யைத் தேடவேண்டும் என்பதில் அந்த நுணுக்கத்தைக் காட்டவில்லை.

கதரின் கிறஹாமின் இடத்தை 2017 இல் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் 'த போஸ்ற்' என்ற படத்தில் நிரப்பினார். 1971 இல் வியற்நாம் போர் பற்றிய இரகசிய ஆவணங்களை வெளியிடலாமா என்ற நெருக்கடியே அதன் பொருள். கிறஹாம் மையப் பாத்திரம். போரும் பேசப்படுகிறது. அப்படத்தின் கடைசிக் காட்சி, இருளில் ஒரு காவலாளி வோட்டர்கேற் கட்டிடத்தின் கதவொன்றைச் சோதிப்பதாக அமைந்துள்ளது. பக்குலாவின் படம் ஆரம்பிக்கும் இடம் அதுவே. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க இன்று வசதியுண்டு. பார்ப்பவர்கள் பின்னையதன் நேர்த்தியையும் முன்னையதன் கண்டிப்பையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். என் மதிப்பீட்டில் ஸ்பீல்பேர்க்கின் படம் பெரிதும் உணர்ச்சிப்பாங்கானது; தன் மாந்தர் பிழைவிடக்கூடும் என்பதை அது ஒரு கணமேனும் நம்புவதில்லை.

பக்குலாவின் படத்தில் அந்தக் காவலாளியாக நடித்தவர் நடிகர் அல்லர். கதவுப் பூட்டில் ஒட்டப்பட்டிருந்த ஒட்டுநாடாவை 1972 இல் கண்டு பொலிசாரை அழைத்த பிராங்க் வில்ஸ் என்ற கறுப்பின இளைஞர் தாமே. வோட்டர்கேற்றின் முதற் சாட்சி அவர். படத்தில் அவருக்குக் கிடைத்தவை சில கணங்கள். 2000 ஆம் ஆண்டில் அவர் வறுமையில் இறந்தார்.